வாசலில் வந்து நின்ற பிள்ளை

எப்போதோ வீட்டைவிட்டுப் போன பிள்ளை நான்தான் என்று சொல்லி, காவி கட்டி, கையில் சாரங்கியோடு ஒரு வாசலில் வந்து நின்று பாடுவது வட இந்தியாவில் நடந்துவரும் ஒரு மோசடி. அந்த மோசடியைவிடப் பல நூற்றாண்டு மூத்தது, அதே காட்சியைப் பாடும் பாட்டு. நாடாண்ட மகன் துறவியாகித் தன் வீட்டு வாசலுக்கே பிச்சைக்கு வருவதுதான் அதன் பொருள். அதைப் பாடிப் பிழைத்தவர்கள் நாத சம்பிரதாயத்தைச் சேர்ந்த ஜோகிகள். கோரக்நாதரைக் குருவாகக் கொண்ட இவர்களில் மடத்தில் வாழும் துறவிகளும் உண்டு. மனைவி மக்களோடு ஊரில் குடியிருந்து, அறுவடைக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடித் தானியமும் பழந்துணியும் வாங்கிவரும் இல்லறத்தாரும் உண்டு. பாட்டு இந்த இரண்டாம் வகையினரின் தொழில்.

அவர்கள் பாடும் கதைகளில் பெரியவை இரண்டு. ஒன்று வங்க நாட்டு அரசன் கோபிசந்தின் கதை. மற்றது உஜ்ஜயினி மன்னன் பர்த்ருஹரியின் கதை. மக்கள் வாயில் அவன் பர்த்தரி. கோபிசந்த் துறவியாகாவிட்டால் இளமையிலேயே இறப்பான் என்பதைத் தாய் மைனாவதி அறிவாள். மகனைச் சாவிலிருந்து காக்க அவளே அவனைத் துறவுக்கு அனுப்புகிறாள். அவன் காது குத்திக் குண்டலம் பூண்டு, சாம்பல் பூசி, ஓடேந்தித் திரும்பி வரும்போது அரண்மனைப் பெண்கள் அலறுகிறார்கள். சகோதரியின் ஊருக்குப் போனால் பணிப்பெண்களுக்கே அவனை அடையாளம் தெரியவில்லை. பர்த்தரியோ தன் மனைவியையே தாயே என்று அழைத்துப் பிச்சை கேட்க வேண்டியவன். சொந்த வீட்டுப் பெண்ணின் கையால் பிச்சை வாங்கினால்தான் துறவு நிறைவேறும் என்பது இந்தப் பாட்டுகளின் விதி. அவள் ஒரு பிடி அரிசியை ஓட்டில் இட்டுவிட்டால் உறவு அறுந்தது; இடாமல் நின்றால் அவனுக்கு விடுதலை இல்லை. கேட்கும் பெண்கள் அழுவது அந்தப் பிடி அரிசிக்காகத்தான்.

வங்கத்தின் ரங்பூரில் பாடப்பட்ட வடிவத்தை ஜார்ஜ் கிரியர்சன் 1878இல் அச்சேற்றினார். பஞ்சாபில் பாடப்பட்டதை ரிச்சர்ட் டெம்பிள் தம் தொகுப்பில் சேர்த்தார். ராஜஸ்தானில் கட்டியாலி என்னும் சிற்றூரில் மாது நாத் பாடியதைக் கேட்டு எழுதிய ஆன் கிராட்சின்ஸ் கோல்ட் அதை 1992இல் நூலாக வெளியிட்டார். வங்கம் முதல் பஞ்சாப் வரை மொழி மாறியது, இசை மாறியது, வாசற்காட்சி மாறவில்லை. கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் கோரக்பூர், கோண்டா வட்டாரங்களில் இதைத் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ஜோகிகளில் முஸ்லிம்களும் பலர். காவி உடுத்தி, சாரங்கி இழைத்து, கோபிசந்தையும் பர்த்தரியையும் பாடுவதில் அவர்களுக்கோ கேட்டவர்களுக்கோ முரண் எதுவும் தோன்றாத காலம் நீண்டது. அந்தக் குடும்பங்களில் இன்று சாரங்கி எடுக்கும் இளைஞர் குறைவு.

தெற்கே, தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில், மண்டைக்காட்டை அடுத்திருக்கும் மணவாளக்குறிச்சி இந்த ஜோகிகளின் வழித்தடத்தில் உள்ள ஊர் அல்ல. ஆனால் பொய் உறவு கொண்டாடி ஒருவர் ஊர் நடுவே வந்து நிற்கும் கதை இந்த மாவட்டத்துக்குப் புதிதும் அல்ல. இங்கே அது வில்லுப்பாட்டில் இருக்கிறது. அம்மன், மாடன், இசக்கி கோயில்களின் கொடை விழாவில் வில்லும் வீசுகோலும் குடமும் உடுக்கும் தாளமும் கட்டையும் முழங்கப் புலவர் பாடும் கதைகளில் ஒன்று பழையனூர் நீலி கதை. நாகர்கோவிலுக்கு அருகே கள்ளியங்காட்டில் நீலிக்குத் தலமே உண்டு. கதையின் வேர் தொண்டை நாட்டில், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூரில். வஞ்சித்து ஒருவன் உயிரைக் கொண்ட பெண்ணைப் பற்றி 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே குறிப்பு வருகிறது.

நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் மறுபிறவியில் நீலியாகிறாள். கொன்றவன் வணிகனாகப் பிறக்கிறான். அவனைப் பழையனூர் எல்லையில் மறிக்கும் நீலி, கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கைவிட்டு ஓடும் கணவன் இவன் என்று ஊர்ச் சபையில் முறையிடுகிறாள். வணிகன் மறுக்கிறான். வேளாளர் எழுபது பேர் கூடி விசாரிக்கிறார்கள். இருவர் சொல்லுக்கும் சாட்சி இல்லாததால் குழந்தையைத் தரையில் விடச் சொல்கிறார்கள். அது தவழ்ந்து போய் வணிகன் மடியில் ஏறி அப்பா என்கிறது. பிள்ளை பொய் சொல்லுமா என்று சபை தீர்த்துவிடுகிறது. அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணையாக வைத்து, அவன் கையில் இருந்த வாளையும் வாங்கிக்கொண்டு, இருவரையும் ஓர் அறையில் தங்கவைக்கிறது. விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

தமிழில் நீலிக்கண்ணீர் என்ற சொல் இந்தக் கதையின் மிச்சம். பொய்யழுகை என்ற பொருளில் அது எல்லார் வாயிலும் வழங்குகிறது. அந்தச் சொல்லைவிடக் கதையில் ஆழமானது கள்ளிக் குழந்தை. சபை முட்டாள்களின் சபை அல்ல. நியாயம் தவறக்கூடாது என்று துடித்த மனிதர்கள் அவர்கள். ஆனால் எது சாட்சி என்பதில் அவர்கள் தவறினார்கள். உறவை உறவின் குரலே நிரூபிக்கும் என்று நம்பினார்கள். பின்னாளில் வடக்கே நடந்த உண்மை வழக்குகளில் ஏமாந்த ஒவ்வொரு வீட்டிலும் இதே தவறுதான் நடந்தது.

வேடம் போடுவது வேறு, ஆள்மாறாட்டம் வேறு என்பதும் இதே கொடை விழாவில் தெளிவாகத் தெரியும். வில்லுப்பாட்டுக் கதைகளில் பல, கொலையுண்டு தெய்வமானவர்களின் கதைகள். புலவர் கதையின் உச்சத்துக்கு வரும்போது சாமியாடிக்கு அருள் வருகிறது. அவர் இறந்தவராகவே ஆடுகிறார், பேசுகிறார், குறி சொல்கிறார். முன்னால் கைகட்டி நிற்பவர்களுக்கு அவர் யார் வீட்டு ஆள், என்ன வேலை பார்ப்பவர் என்பது நன்றாகத் தெரியும். அருள் நீங்கியதும் அவர் பழையபடி அந்த ஊர்க்காரர். தெலுங்கு பேசும் பகல்வேடக்காரர்களும் வடக்கே பகுரூபிகளும் இன்னும் ஒரு படி மேலே போவார்கள். போலீஸ்காரராகவோ சாமியாராகவோ வந்து ஆளை உண்மையிலேயே திகைக்க வைப்பார்கள். ஆனால் கடைசியில் வேடத்தைச் சொல்லிவிட்டுத்தான் சன்மானம் கேட்பார்கள். சொல்லிவிடுவதுதான் அந்தத் தொழிலின் தருமம். சொல்லாமல் வாங்கினால் அது களவு.

காணாமற்போனவராக வந்து நின்ற ஒருவரை உண்மையானவர் என்று நீதிமன்றம் ஏற்ற வழக்கும் இந்தியாவில் உண்டு. அதனால் வருபவரையெல்லாம் போலி என்று தள்ளவும் முடியாது. டாக்காவை அடுத்த பாவல் ஜமீனின் இரண்டாம் குமாரர் ரமேந்திர நாராயண ராய் 1909 மே மாதம் டார்ஜிலிங்கில் இறந்ததாகவும் எரிக்கப்பட்டதாகவும் சொல்லப்பட்டது. 1921இல் டாக்காவின் பக்லண்ட் கரையில் சாம்பல் பூசிய சந்நியாசி ஒருவர் வந்து அமர்ந்தார். அவர்தான் குமாரர் என்று சகோதரி ஏற்றார். குமாரரின் மனைவி மறுத்தார். 1930இல் தொடங்கிய வழக்கில் நூற்றுக்கணக்கான சாட்சிகள் வந்தார்கள். மச்சம், தழும்பு, பாதத்தின் தோல் வரை அளந்து பார்க்கப்பட்டன. நீதிபதி பன்னாலால் பாசு 1936 ஆகஸ்ட் 24 அன்று சந்நியாசியே குமாரர் என்று தீர்ப்பளித்தார். கல்கத்தா உயர்நீதிமன்றமும், 1946 ஜூலையில் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதை உறுதிசெய்தன. சில நாளிலேயே அவர் இறந்துபோனார். இங்கிலாந்தின் டிச்போர்ன் வழக்கு இதற்கு நேர் எதிர். 1854இல் கடலில் மாண்ட மகன் உயிரோடிருப்பதாக நம்பிய தாய், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த இறைச்சிக்கடைக்காரர் ஒருவரை 1867இல் மகனாக ஏற்றார். 1874இல் அவர் போலி என்று தண்டிக்கப்பட்டார்.

பாட்டோடு தொடர்புடைய ஒரு வழக்கு பீகாரின் நாளந்தா மாவட்டத்தில் நடந்தது. அங்கே செல்வாக்குள்ள ஒரு ஜமீன்தாரின் ஒரே மகன் 1977 பிப்ரவரியில், பள்ளி இறுதித் தேர்வு எழுதிக்கொண்டிருந்த நாட்களில் காணாமற்போனான். போலீஸ் தேடியும் கிடைக்கவில்லை. மனம் உடைந்த தந்தை குறிகாரர்களை நாடினார். பையன் உயிரோடிருக்கிறான், விரைவில் வருவான் என்று ஒருவர் சொன்னார். 1981 செப்டம்பரில், சில கல் தொலைவிலிருந்த வேறோர் ஊருக்கு இருபது வயதைச் சற்றே கடந்த ஓர் இளைஞன் வந்தான். நாட்டுப்பாடல் பாடிப் பிச்சையெடுப்பது அவன் பிழைப்பு. இன்ன ஊரில் பெரிய மனிதர் ஒருவரின் மகன் நான் என்று அவன் அங்கே சொல்ல, சேதி தந்தைக்குப் போனது. தந்தை வந்தார். அக்கம்பக்கத்தார் உங்கள் மகன்தான் என்றார்கள். வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

தாய் பார்த்தார். இவன் என் பிள்ளை இல்லை என்றார். மகனின் தலையில் இடப்பக்கம் வெட்டுத் தழும்பு உண்டு. வந்தவனுக்கு அது இல்லை. பையனுக்குப் பாடம் நடத்திய ஆசிரியரையே வந்தவனுக்கு அடையாளம் தெரியவில்லை. தாய் அதே ஆண்டில் வழக்குப் போட்டார். வந்தவன் கைதாகி ஏறக்குறைய ஒரு மாதம் சிறையில் இருந்து ஜாமீனில் வெளியே வந்தான். வந்தவன் அதே வீட்டுக்குத்தான் திரும்பினான். அந்த வீட்டின் பெயரிலேயே கல்லூரியில் படித்தான், மணம் முடித்தான், பிள்ளைகள் பெற்றான், நிலத்தை விற்றான். தந்தை 1991இல் இறந்தார். தாய் 1995இல் இறந்தார். வழக்கு நீதிமன்றம் மாறி நீதிமன்றம் போய்க்கொண்டிருந்தது. மரபணுச் சோதனைக்கு உடன்படச் சொல்லி 2014இல் அரசுத் தரப்பு கேட்டது. வந்தவர் கடைசிவரை உடன்படவில்லை. அவர் ஜமூய் மாவட்டத்துக்காரர் என்று விசாரணையில் தெரிந்தது. அந்த ஜமூய்க்காரர் 1982இலேயே இறந்துவிட்டார் என்று காட்ட ஓர் இறப்புச் சான்றிதழ் கொண்டுவரப்பட்டது. அதுவும் போலி என்றானது. 2022 ஏப்ரலில், வழக்கு தொடங்கி 41ஆம் ஆண்டில், அவருக்கு 7 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

பெற்றவளுக்குத் தெரியாதா பிள்ளையை என்று தமிழ்நாட்டில் எந்தத் திண்ணையிலும் கேட்பார்கள். நாளந்தாவில் பெற்றவளுக்குத் தெரிந்திருந்தது, முதல் நாளே சொன்னார், காரணத்தோடு சொன்னார். அப்படியிருந்தும் வந்தவன் அதே வீட்டில் மகனாகவே நிலைத்தான். இந்த வழக்கில் ஏமாற்றியவனின் திறமையைவிடக் கசப்பானது இதுதான். பெற்றவளின் கண் தவறுவதும் உண்டு, டிச்போர்ன் சீமாட்டியைப் போல. ஆனால் அவள் மறுக்கும்போது அந்த மறுப்பையாவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டும்.

2024 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் நடந்தது கோபிசந்தின் வாசற்காட்சியேதான். டெல்லியில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் மகன் 2002இல், 11 வயதில் வீட்டைவிட்டுப் போனவன். 22 ஆண்டு கழித்துக் குடும்பத்தின் சொந்த ஊருக்கு, காவியுடுத்திச் சாரங்கியோடு இரண்டு ஜோகிகள் வந்தார்கள். அவர்களில் இளையவர் தன்னை அந்தப் பிள்ளை என்றார். பெற்றோர் டெல்லியிலிருந்து ஓடிவந்தார்கள். தாய் கையால் பிச்சை வாங்கிப் போகவே வந்தேன் என்று அவர் சாரங்கி இழைத்துப் பாட, தாய் எதிரே அமர்ந்து கதறினார். அந்தக் காட்சி கைபேசியில் படமாகி நாடு முழுவதும் பரவியது. உறவினரும் ஊராரும் 13 குவிண்டால் தானியம் கொடுத்து அனுப்பினார்கள். பிறகு தொலைபேசியில் பேச்சு வேறாயிற்று. வீடு திரும்ப ஆசைதான். ஜார்க்கண்டில் இருக்கும் மடம் விடுவதற்கு 11 லட்சம் ரூபாய் கேட்கிறது என்றார். தந்தை நிலத்தை விற்றுப் பணம் திரட்டினார். மடத்துக்கு நேரில் வந்து தருகிறேன் என்றபோது மறுமுனை தயங்கியது. விசாரித்தால் அப்படியொரு மடமே இல்லை. வந்தவர் கோண்டா மாவட்டத்தைச் சேர்ந்தவர் என்று போலீஸ் கண்டறிந்தது. 2021இல் மிர்சாப்பூர் மாவட்டத்திலும் இதே முறையில் ஒரு வீடு ஏமாந்திருந்தது.

பாட்டு ஏமாற்றுகிறவருக்கு என்னென்ன தந்தது என்று பார்த்தால் மோசடியின் இயக்கம் விளங்கும். முகம் மாறியிருப்பதற்குச் சாம்பலும் சடையும் காரணம் ஆகின்றன. பழைய நினைவு இல்லாததற்குத் துறவு காரணம். துறவி முன்னாளைப் பேசக் கூடாதல்லவா. வீட்டில் தங்கி நாள்தோறும் நடிக்க வேண்டிய தேவையும் இல்லை, அவர் விடைபெறத்தானே வந்திருக்கிறார். மீட்க வேண்டும் என்ற எண்ணம் பெற்றோர் மனத்திலேயே பிறக்கிறது. பணம் கேட்பது பிறகு எளிது. விவரங்களையும் வீடே தருகிறது. உனக்கு அந்த வேப்பமரம் நினைவிருக்கிறதா என்று அத்தை கேட்டால், இருக்கிறது என்று தலையசைத்தால் போதும். பிள்ளையைத் தொலைத்த வீட்டில் கேள்விகள் பாதி விடையோடுதான் வரும்.

அதே 2024இன் கடைசியில் காசியாபாத்தில் பிடிபட்டவர் பாடகர் அல்லர். 30 ஆண்டுகளுக்கு முன் கடத்தப்பட்டு, ராஜஸ்தானில் ஆடு மேய்க்கக் கட்டிவைக்கப்பட்டிருந்தேன் என்று அழுத அவரை ஒரு குடும்பம் மகனாக ஏற்றது. சில மாதங்களுக்கு முன் டேராடூனில் இன்னொரு குடும்பத்திலும் அவர் அப்படியே மகனாக இருந்தது பிறகு தெரியவந்தது.

சட்டம் இதை ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல் என்று அழைக்கிறது. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 416ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 319ஆம் பிரிவு. காணாமற்போனவரைப் பற்றிய பழைய விதி வேறு. 7 ஆண்டுகள், இயல்பாகச் சேதி அறியக்கூடியவர்களுக்குச் சேதி எட்டாதிருந்தால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் இருந்த இது இப்போது புதிய சாட்சியச் சட்டத்தின் 111ஆம் பிரிவு. மரபணுச் சோதனைக்கு ஒருவரைக் கட்டாயப்படுத்த நீதிமன்றங்கள் தயங்குகின்றன. மறுத்தால் அந்த மறுப்பை அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியும்.

மணவாளக்குறிச்சிக் கரைக்கு இந்த ஏழாண்டு விதி ஏட்டில் மட்டும் உள்ள ஒன்றல்ல. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை மேற்கே கொட்டில்பாட்டையும் குளச்சலையும் வாரிக்கொண்டு போனது. 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கிப் புயலில் இந்த மாவட்டத்து மீனவர் பலர் உடல்கூடக் கிடைக்காமல் போனார்கள். உடலைப் பார்க்காத வீட்டில் துக்கம் முடிவதில்லை. கதவு தட்டும் ஓசை ஒவ்வொன்றும் அவராக இருக்குமோ என்று கேட்கும். பொய்யாய் வந்து நிற்பவருக்கு நுழைவாயில் இந்த முடியாத துக்கம்தான். ஆழிப்பேரலைக்குப் பிறகு இலங்கையின் கல்முனை மருத்துவமனையில் 81ஆம் எண்ணுடன் சேர்க்கப்பட்ட கைக்குழந்தையைத் தங்களுடையது என்று ஒன்றுக்கு மேற்பட்ட தாய்மார் கண்ணீரோடு கேட்டதாகச் செய்திகள் வந்தன. அவர்களில் எவரும் நீலி அல்லர். 2005 பிப்ரவரியில் மரபணுச் சோதனைதான் பெற்றோரைக் காட்டியது.

காணாமற்போன குழந்தை பற்றிய ஒவ்வொரு புகாரையும் முதல் தகவல் அறிக்கையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதம் உத்தரவிட்டது. குழந்தைகளுக்கான உதவி எண் 1098. பிள்ளை திரும்பி வந்ததாக ஒருவர் சொன்னால், அன்றே காவல் நிலையத்தில் தெரிவிப்பதும், மரபணுச் சோதனை முடியும்வரை பணமோ நிலப் பத்திரமோ கைமாறாமல் பார்த்துக்கொள்வதும் அன்புக்குக் குறைவாகிவிடாது. உண்மையான பிள்ளைக்கு அதனால் இழப்பில்லை. அவர் சோறுண்டு, உறங்கி, சோதனை முடிவுக்காகக் காத்திருக்கலாம்.

இந்த மோசடிகளின் பழி, பாட்டை நேர்மையாகப் பாடியவர்கள் தலையிலும் விழுந்திருக்கிறது. சாரங்கியோடு வரும் ஜோகி இப்போது எந்த ஊர், என்ன பெயர், அடையாள அட்டை எங்கே என்ற கேள்விகளைக் கடந்தே வாசலை அடைய வேண்டியிருக்கிறது. பிச்சைக்கு வரும் அந்நியர் மீதான ஐயம் எதுவரை போகும் என்பதற்கு அமேதிக்கு முன்பே சாட்சி உண்டு. 2018 ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் துலே மாவட்டம் ரயின்பாடா கிராமத்தில், வாரச்சந்தை நாளில், நாத்பந்தி தவரி கோசாவி என்னும் நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று கைபேசியில் பரவிய வதந்தியை நம்பி ஒரு கூட்டம் அடித்துக் கொன்றது. அவர்களில் பெரும்பாலோர் சோலாப்பூர் மாவட்டத்திலிருந்து பிச்சை கேட்டுப் பிழைக்க வந்தவர்கள்.